நாற்பது தப்படி

காரை நிறுத்தி இறங்கியதும் லோகு முதல் காரியமாகத் தண்ணீர் பாட்டில் மூன்றையும் தன் முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடியதை நாச்சிமுத்து பார்த்தார். ஒன்றையாவது தன் கையில் கொடுத்திருக்கலாம். "நீங்க சும்மா கையை வீசிட்டு வாங்க பெரியப்பா, சுமையெல்லாம் எனக்கு" என்று சிரித்தான். சிரித்தால் அப்படியே சடையான், அதே சந்து விழுந்த முன்பல், அதே இடது கன்னத்துக் குழி, செத்து இருபத்தொன்பது வருசமான தம்பி தன் மகன் வாயை இரவல் வாங்கிக்கொண்டு வந்து இந்தப் பொட்டல் தேசத்தில் நின்று சிரிக்கிறான். நாச்சிமுத்து துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். எதிரே மலை. மலை என்று சொல்லக் கூடாது, மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு எலும்பை மட்டும் நிறுத்தி வைத்த மாதிரி செக்கச் சிவந்த பாறை, வரிசை வரிசையாக, பச்சை ரத்தம் காய்ந்த நிறத்தில். இதைப் பார்க்கத்தான் சனம் ஊர் ஊராக வருகிறதாம், இங்கே ஏறினால் மனசு அடங்குமாம், பாறைக்குள் ஏதோ சக்தி சுற்றிக்கொண்டிருக்கிறதாம். வெள்ளிக்கிழமை பெண்டாட்டி தேனு சோறு போடும்போதே லோகு சொல்லிவிட்டான், "நாம ரெண்டு பேரு மட்டும் போயிட்டு வரலாங் பெரியப்பா, தேனு வேண்டாம், அவளால ஏற முடியாது, உங்ககிட்டத் தனியாப் பேசோணும்." தனியாப் பேசோணும். அந்த ஒரு சொல் அன்றிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. வீட்டில் பேச முடியாதா, கூடத்தில் பேச முடியாதா, கீழே காப்பிக் கடையில் பேச முடியாதா, மூன்று மணி நேரம் காரில் வந்தோமே, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்போது பேச முடியாதா. மலை மேல் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிற பேச்சு என்ன பேச்சு. நாச்சிமுத்துவுக்கு எழுபத்திரண்டு வயசு, பிள்ளை இல்லை, பெண்டாட்டி பாவாயி போய் இரண்டு வருசம், இந்த உலகத்தில் அவரை உறவுமுறை சொல்லிக் கூப்பிட மிச்சம் இருப்பது இந்த ஒரே வாய்தான், அந்த வாய்க்கு எல்லாம் தெரிந்துபோயிருந்தால்? தெரிந்துதான் விசா எடுத்து, டிக்கெட் எடுத்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கடல் தாண்டி அமெரிக்காவுக்கு, இந்த இடத்துக்கு வரவழைத்திருந்தால்?

பாதை முதலில் தட்டையாகத்தான் இருந்தது. செம்புழுதி. செருப்புக்கு மேல் விரலிடுக்கில் ஏறியது, ஊர்ச் செம்மண் மாதிரியே இருந்தது, ஆனால் ஊர் மண்ணுக்கு ஒரு வாசம் உண்டு, இதற்கு ஒன்றுமில்லை, அடுப்பில் வறுத்த மணல். ஒரு பலகையில் பாம்புப் படம் போட்டிருந்தார்கள். "இந்தப் பாம்பு வாலைக் கிலுகிலுன்னு ஆட்டுங் பெரியப்பா, சத்தங் கேட்டா அப்படியே நின்னுருங்க" என்றான் லோகு. நின்றால்? நின்ற பிறகு என்ன செய்வது என்று அவன் சொல்லவில்லை. இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்த வெள்ளைக்காரர்கள் எதிரே இறங்கி வந்தார்கள், ஒவ்வொருத்தரும் பல்லைக் காட்டி ஏதோ சொன்னார்கள், எல்லாரும் இறங்குகிறார்களே, யாரும் ஏறவில்லையே என்று அவருக்குப் பட்டது. "ஏப்பா, வெயிலுக்கு முன்னால ஏறி எறங்கிட்டாங்களாட்டம் இருக்குது, நாம மட்டும் இப்பப் போறோம்." "கூட்டமில்லாம இருக்கட்டும்னுதாங் பெரியப்பா." கூட்டமில்லாமல். காலையில் கடை வீதியில் கூட்டம் இருந்தது. ஒரே வீதிதான் அந்த ஊர், வீதி முழுக்கக் கல் விற்கிற கடை, ஊதா கல், பச்சைக் கல், பனிக்கட்டி மாதிரி கல், தலைவலிக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று என்று லோகு படித்துச் சொன்னான், நாச்சிமுத்து ஆயுசு முழுக்கக் கல்லைத் திட்டிய மனுசன், கல் வந்தால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், அதைப் பட்டுத் துணியில் வைத்து விற்கிறார்கள். அந்தக் கடையில்தான் அவன் இரண்டு செம்புக் கம்பியை எடுத்து நீட்டினான், முழங்கை மாதிரி வளைந்த கம்பி, கைக்கு ஒன்றாகப் பிடிக்கிற கம்பி. "இது என்னன்னு தெரியுதுங்களா? தண்ணி பாக்கறதுக்கு. உங்க தொழிலு இங்கயும் இருக்குது பார்த்தீங்களா பெரியப்பா!" என்று அதே சந்துப் பல்லைக் காட்டினான். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். கடையில் எத்தனையோ சாமான், மணி, கிண்ணம், சாம்பிராணிக் குச்சி, புத்தர் பொம்மை, அதை எல்லாம் விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தான். எடுத்து ஏன் முகத்தைப் பார்த்தான். "எனக்குத் தேங்காதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றார்.

தேங்காய்தான். குடுமி விட்ட முற்றல் தேங்காய், உள்ளங்கையில் படுக்க வைத்துக் குடுமி முன்னால் பார்க்க வெள்ளாமைக் காட்டுக்குள் நடந்தால், அடியில் நீரோட்டம் இருக்கிற இடத்தில் படுத்த தேங்காய் தானாக எழுந்து நிற்கும். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி, ஆனால் அந்தக் கை இருந்தது அவரிடம். அவினாசியிலிருந்து கரூர் வரைக்கும் கூட்டிப்போவார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் லாரி வருவதற்கு முன்னால் நாச்சிமுத்து வர வேண்டும், அவர் காட்டின இடத்தில் மஞ்சள் பூசின கல்லை நட வேண்டும், அதன் மேல்தான் கம்ப்ரசர் வண்டி கால் ஊன்றும். அந்தக் கையைத்தான் சடையான் சந்தி சிரிக்க வைத்தான். எங்கே? இதோ முன்னால் நடக்கிறானே, இவனுடைய காதுகுத்தில். கறி விருந்து, பந்தி பந்தியாக உறம்பரைச் சனம், நாச்சிமுத்து மூன்றாவது இலை, எதிர் வரிசையில் யாரோ ஒரு ஆள் கேட்டான், "சடையா, உங்கண்ணன வெச்சே ஒரு போர் போட்டர்றதுதான?" சடையான் கையில் சோற்று அன்னக்கூடையோடு நின்றவன் திரும்பி, "எங்கண்ணனா? அவரு போட்ட போருல எல்லாம் பொகைதான வருது!" என்றான். போர் போட்டுத் தண்ணீர் இல்லாமல் வெறும் கல் தூசி கிளம்பினால் புகை என்பார்கள், அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவன் சொன்னது தண்ணீரைப் பற்றி இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசம் பிள்ளை இல்லாதவனை, பிள்ளைக்குக் காதுகுத்துகிற வீட்டில், நாற்பது இலைக்கு நடுவில். ஒருத்தனுக்குச் சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறிற்று. அப்போது பாவாயி கையில் பாயச வாளியோடு அந்த வரிசையில்தான் வந்துகொண்டிருந்தாள். அவள் நிற்கவில்லை. ஒவ்வொரு இலைக்கும் ஒவ்வொரு கரண்டி, சிரித்தவனுக்கும் ஒரு கரண்டி, கடைசி இலை வரைக்கும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள். அந்த நேரம் எழுந்து சடையானை ஓங்கி ஒன்று வைத்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். நாச்சிமுத்து எழவில்லை. மோர் வரைக்கும் சாப்பிட்டார். இலையை மடித்துவிட்டுக் கை கழுவினார். வெற்றிலை போட்டார். அந்த வெற்றிலையின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது, இந்தப் பாழாய்ப்போன மலையில் எச்சில் வற்றிக் கிடக்கிற நாக்கில், இப்போதும்.

"பெரியப்பா, மூச்சு வாங்குதா? தண்ணி குடிக்கறீங்களா?" என்று நின்றான் லோகு. "வேண்டாம்." வேண்டும்தான். ஆனால் கேட்டு வாங்கிக் குடிக்க மனசு வரவில்லை, அவன் அப்பன் வந்து கேட்டானே அப்படிக் கேட்க. பாதை ஏற ஆரம்பித்திருந்தது. இடது பக்கம் பாறைச் சுவர், வலது பக்கம் சரிவு, சரிவில் திருகித் திருகி வளர்ந்த மரங்கள், துணியைப் பிழிந்து அப்படியே விட்ட மாதிரி. "சக்தி சுத்தறதால மரமும் சுத்திக்கிச்சுன்னு சொல்றாங்க" என்றான். சக்தியும் இல்லை ஒன்றும் இல்லை, தண்ணீர் தேடித் தேடித் திருகின மரம், ஒவ்வொரு வருசமும் ஒரு பக்கம் தேடியிருக்கிறது, அது நாச்சிமுத்துவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு தட்டைப் பாறையில் ஏழெட்டுப் பேர் கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு கிழவி இரண்டு உள்ளங்கையையும் பாறையில் பதித்துக் குனிந்திருந்தாள், பிணத்தின் மேல் விழுந்து அழுகிறவள் மாதிரி. யாரும் அசையவில்லை. அவர்களைத் தாண்டும்போது சத்தம் போடலாமா என்று தோன்றியது, என்ன சத்தம், எந்தப் பாசையில். பாவாயி கிடந்த ஆஸ்பத்திரியும் இப்படித்தான் இருந்தது, வரிசையாகக் கண் மூடிய ஆட்கள். அமெரிக்காவிலிருந்து லோகு வந்தான். யாரும் சொல்லி அனுப்பவில்லை. சடையான் போன பிறகு அவன் பெண்டாட்டி பிறந்த வீட்டோடு போய்விட்டாள், போக்குவரத்தே கிடையாது, இவன் எப்படியோ கேள்விப்பட்டு வந்தான். "பெரியம்மாகிட்டக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன்" என்று உள்ளே போனவன் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. நாச்சிமுத்து வராந்தாவில் நின்றார். கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது, எட்டிப் பார்த்தார், பாவாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாதவள். என்ன சொன்னாள்? வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. மறுநாள் அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன், சாப்பிட்டீங்களா பெரியப்பா, மாத்திரை போட்டீங்களா பெரியப்பா, மழை பேஞ்சுதா பெரியப்பா. ஆயுசுக்கும் இல்லாத பாசம். பாசம் அப்படி ஒரே நாளில் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துகொண்டு வருமா? அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளிடம் மட்டும்தான் அவர் சொன்னார். பாவி, சொல்லிவிட்டுத்தான் போனாளா.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு வாய் நிற்கவில்லை. மழை பொய்த்த மூன்றாவது வருசம், கிணற்றில் தரை தெரிந்தது, சடையான் தேடி வந்தான், தோளில் துணிப்பை, பைக்குள் தேங்காய். "அண்ணா, நீங்க கை பாத்தாத்தாங்ணா" என்றான். முகத்தில் பழைய விசயத்தின் நிழல்கூட இல்லை. இவர் தேங்காயை வாங்கிக்கொண்டார். காட்டுக்குள் நடந்தார், தம்பி பத்து அடி பின்னால் வந்தான். கிளுவை வேலி ஓரம், ஒரு கரையான் புற்றுக்கு இந்தப் பக்கம், தேங்காய் எழுந்தது. எழுந்தது என்றால் சாதாரணமாக இல்லை, அவர் ஆயுசில் தேங்காய் அப்படித் துள்ளியதில்லை, மீன் மாதிரி, கையை விட்டுப் போய்விடும் போல. கட்டை விரலைப் போட்டு அமுக்கினார். அமுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். விரலுக்கு அடியில் அது முட்டியது. ஒரு தப்படி, இரண்டு தப்படி, எண்ணிக்கொண்டே போனார், ஏன் எண்ணினார் என்று இன்றைக்கும் தெரியாது, நாற்பதாவது தப்படியில் பாறை மேடு, மணிக்கட்டை ஒரு திருப்பு, தேங்காயை நிமிர்த்தினார். "இங்க போடு." சடையான் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, அந்த வெயிலில் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான். எந்திரிடா என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிசம் சொல்லியிருக்கலாம், சடையா, நாற்பது தப்படி பின்னால வா. போர் லாரி இரண்டு நாள் ஓடியது. வெள்ளைத் தூசி கிளம்பிச் சோளத்தட்டு மேல், மாட்டு முதுகு மேல், சடையான் புருவத்தின் மேல் படிந்தது. ஓடி வந்து, "அண்ணா, வெறும் பொகைங்ணா" என்றான். புகை என்றான்! தன் வாயால். சொல்லும்போதாவது அவனுக்கு ஞாபகம் வரும், முகம் சுண்டும் என்று நாச்சிமுத்து அந்த இரண்டு நாளும் காத்திருந்தார். வரவில்லை. அந்தப் பந்தியும் அந்தச் சிரிப்பும் அவனுக்கு மறந்தே போயிருந்தது. இவர் எட்டு வருசமாக மென்றுகொண்டிருந்ததை அவன் அன்றைக்கே துப்பிவிட்டிருந்தான். அந்தக் கோபத்தில்தான் இன்னொரு பாறையைக் காட்டினார். அதிலும் புகை. போர் போட்ட கடனில் காடு கை மாறிப் போயிற்று. வாங்கினவன் அடுத்த வருசம் கிளுவை வேலி ஓரம் போட்டான், தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது, ஊரே போய்ப் பார்த்தது, "நீரோட்டம் எடம் மாறுமப்பா" என்று நாச்சிமுத்து டீக்கடையில் சொன்னார், ஊர் நம்பியது. அன்று ராத்திரிதான் பாவாயியிடம் நடந்ததைச் சொன்னார், அன்றிலிருந்து அவள் சோற்றுத் தட்டை அவர் கையில் தந்ததில்லை. தரையில் வைத்து நகர்த்துவாள். இன்னொன்றும் உண்டு, அது பாவாயிக்குக்கூடத் தெரியாது. அதற்குப் பிறகு எந்தக் காட்டிலும் அவர் கையில் தேங்காய் எழவில்லை. பன்னிரண்டு வருசம் அவரேதான் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நிமிர்த்தினார்.

"பெரியப்பா, இங்க பாதை கொஞ்சம் ஒடுக்கம். நீங்க முன்னால போங்க." அவர் நின்றுவிட்டார். "நீயே போயேன்." "இல்லீங், நீங்க முன்னால போனாத்தான் நான் பின்னால இருந்து பாத்துக்க முடியும்." வலது பக்கம் மரம்கூட இல்லை இப்போது. கல்லைத் தட்டிவிட்டால் விழுகிற சத்தம் கேட்க நேரமாகும் போல் இருந்தது. முதுகு முழுக்க அவருக்குக் கண் முளைத்தது. ஒரு அடி, இன்னொரு அடி. பின்னால் செருப்புச் சத்தம், தண்ணீர் பாட்டிலுக்குள் தளும்புகிற சத்தம், சடையான் மகனுடைய மூச்சு. முதுகில் ஒரு கை பட்டது. பட்டதும் பாறையோடு ஒட்டிக்கொண்டார். "என்னங் பெரியப்பா, பயந்துட்டீங்களா? துண்டு அவுந்து கெடக்குதுன்னு எடுத்தேன்." துண்டை உதறித் தலையில் போட்டு விட்டான். போட்டுவிட்டு அங்கேயே நின்று கீழே வெகுதூரம் பார்த்தான். "எங்கப்பாவும் இப்படி ஒரு ஊருலதான செத்துருப்பாரு? ராஜஸ்தான்ல. மணலு, பாறை, வெயிலு." காடு போன பிறகு சடையான் போர் லாரியில் கூலிக்குப் போனான், தன் காட்டில் புகை கக்கின அதே மாதிரி லாரியில், வடக்கே ஒரு மணல் காட்டில் இரும்பு ராடு நழுவி விழுந்து செத்தான். அங்கேயே எரித்துவிட்டார்கள். ஒரு சட்டையும் ஒரு ஜோடிச் செருப்பும்தான் ஊருக்கு வந்தது. "அவரு போன மாசம் இது. வருசா வருசம் இந்த மாசம் இங்க வந்துருவனுங் பெரியப்பா. அங்க போகத் தைரியம் வரல, இங்க வந்து உக்காந்துக்குவேன். இந்த வருசம் உங்களையும் கூட்டிட்டு வரோணும்னு நெனச்சேன்." இந்த மாதம். இந்த மாதம் என்று தெரிந்தேதான். அவர் மடியிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார், எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் மூலையில் கோடு இல்லை என்பது தெரிந்தது. "இங்க டவர் கெடைக்காதுங்க பெரியப்பா" என்றான் லோகு, அன்பாகத்தான் சொன்னான், அவர் போனைத் திரும்ப மடியில் செருகினார்.

உச்சியில் யாரும் இல்லை. நாலு கட்டில் போடுகிற அகலத்தில் பாறை, சுற்றி வானம். எங்கோ கீழே நூல் போட்ட மாதிரி ஒரு பச்சை வரிசை ஓடியது, ஓடை, அந்த மரங்களுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, பழைய பழக்கத்தில் கண் அதில் போய் நின்றது. லோகு பையைக் கழற்றி வைத்தான். ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்தான், சின்னக் கத்தியை எடுத்தான், உரிக்காமல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பெரியப்பா." "ம்." "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். ரெண்டு வருசமா மனசுல கெடக்குது. தப்பா எடுத்துக்கப்படாது." நாச்சிமுத்து கத்தியைப் பார்த்தார். "பெரியம்மா சாகறதுக்கு முந்தின நாளு எங்கிட்ட ஒரு விசயம் சொன்னாங்க." அவ்வளவுதான். வந்துவிட்டது. வந்ததும் பயம் போன இடம் தெரியவில்லை, அதற்கு அடியில் இத்தனை வருசம் கிடந்தது மேலே வந்தது, அது வருத்தம் இல்லை, கோபம்தான். "அவ என்ன வேணாலும் சொல்லியிருப்பா. ஆம்பளை எங்கிட்டக் கேளு. ஆமாண்டா, மாத்தித்தான் காட்டுனேன். என்ன இப்ப?" லோகு நிமிர்ந்தான். "எதை மாத்தி?" என்றான். அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை. கோபம் இல்லை, குத்தல் இல்லை, கடையில் என்ன விலை என்று கேட்கிற மாதிரி வெறும் கேள்வி. அவனுக்குத் தெரியாது. அந்த நொடியில் நாச்சிமுத்துவுக்கு அது தெரிந்துவிட்டது, பட்டப்பகலாகத் தெரிந்துவிட்டது, அவனுக்கு ஒன்றுமே தெரியாது, பாவாயி சொல்லவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். காதுகுத்துச் சீரை மாத்தி, காட்டு வழியை மாத்தி, என்னத்தையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம், கிழவன் வெயிலில் உளறுகிறான் என்று விட்டிருப்பான். ஆனால் ராடு இறங்க ஆரம்பித்தால் பாதியில் நிற்காது. "கெளுவ வேலி ஓரந்தான் தேங்கா எந்திரிச்சுது. வெரல்ல அமுக்கிட்டேன். பாறையில கொண்டு போய் நிறுத்துனேன். உங்கப்பன் என்ன சொன்னான் தெரியுமா? உனக்குக் காதுகுத்தறன்னிக்கு, ஊரு முன்னால, உங்க பெரியம்மா பாயச வாளியோட நிக்கறா, எங்கண்ணன் போட்ட போருல பொகைதான் வரும்னான். நான் பொகையைக் காட்டுனேன். ரெண்டு தடவ காட்டுனேன். அவனுக்கு ஞாபகம் வந்துருந்தா மூணாவது சரியாக் காட்டியிருப்பேன். வரல. நாயி, அவனுக்கு ஞாபகமே வரல." கடைசிச் சொல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

லோகு கையிலிருந்த ஆரஞ்சை ஒரு சுற்றுத் திருப்பினான். பிறகு கேட்டான். "கெளுவ வேலின்னா, அதுக்கப்புறம் வாங்குனவரு போட்டு தண்ணி வந்துச்சே, அந்த எடமா?" "அந்த எடந்தான்." "நீங்க காட்டுன எடத்துக்கும் அதுக்கும் எத்தனை தூரம் இருக்கும்?" "நாப்பது தப்படி." அவன் தலையைத் திருப்பி, தான் உட்கார்ந்த இடத்திலிருந்து பாறை முடிகிற விளிம்பு வரைக்கும் பார்த்தான், மெதுவாக, உதடு லேசாக அசைய, எண்ணுகிற மாதிரி. எண்ணி முடிக்கவில்லை, பாறை ஏழெட்டிலேயே முடிந்துவிட்டது. வந்து தள்ளு, திட்டு, காறித் துப்பு, ஏதாவது செய் என்று நாச்சிமுத்துவுக்குள் ஒருத்தர் கெஞ்சினார். லோகு ஆரஞ்சையும் கத்தியையும் திரும்பப் பைக்குள் வைத்தான். "பெரியம்மா சொன்னது அதில்ல" என்றான். குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை. "அவரத் தனியா உட்டறாத கண்ணு, அவருக்கு யாருமில்லன்னு சொன்னாங்க. ஒரு மணி நேரமும் அதையேதான் சொன்னாங்க. தேனு மாசமா இருக்கறா. பொறக்கறதுக்குத் தாத்தான்னு கூப்பிட ஆளு வேணும், ஊருக்குத் திரும்பிப் போகாம இங்கயே இருந்துருங்கன்னு கேக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்." பாட்டிலை எடுத்தான், மூடியைத் திருகிக் கையில் கொடுத்தான், அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றான். தண்ணீர் தொண்டையில் இறங்கியது, எத்தனை நேரமாக வேண்டியிருந்த தண்ணீர், ஒரு ருசியும் இல்லை.

இறங்கும்போது அவன் முன்னால் போனான். எந்தக் குறையும் வைக்கவில்லை. சறுக்குகிற இடத்தில் நின்று கையை நீட்டினான், அவர் பிடித்துக்கொண்டதும் பலமாகத்தான் பிடித்தான், தாண்டியதும் விட்டான். தட்டைப் பாறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போயிருந்தார்கள், கிழவி கை பதித்த இடம் வெறும் பாறையாகக் கிடந்தது. நாச்சிமுத்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இனி பயம் ஒன்றும் இல்லை, தள்ளிவிடுகிறவன் கையைப் பிடித்து இறக்குவானா, வீட்டுக்குக் கூட்டிப் போவான், சோறு போடுவான், மாத்திரை எடுத்துக் கொடுப்பான், டிக்கெட் தேதிக்கு ஏற்றியும் விடுவான். அப்பன் குணம் இல்லை இவனுக்கு, அப்பன் என்றால் இந்நேரம் கத்தியிருப்பான். கத்திவிட்டு மறந்திருப்பான். இவன் மறக்கிறவன் மாதிரித் தெரியவில்லை, இந்த முதுகு நேராக இருக்கிற விதம், வாயை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் மரியாதை செய்கிற விதம், இது யாருடைய குணம் என்று யோசித்தவர் யோசனையை அங்கேயே விட்டார். ஏதாவது பேசுவான் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் காதைத் தீட்டினார். பேசினால் எந்தச் சொல்லில் தொடங்குவான் என்பது அவருக்குத் தெரியும், காலையிலிருந்து நூறு தடவை கேட்டாயிற்று, தண்ணி வேணுமா என்றாலும், பாம்பு இருக்கும் என்றாலும் பெரியப்பா என்ற அந்தச் சொல் இல்லாமல் அவனுக்கு வாய் திறக்காது. பாதை ஒரு பாறையைச் சுற்றி வளைந்தது. "ஏனுங்க" என்று ஒரு குரல் கேட்டது. சந்தையில் வழி மறித்து நிற்கிற ஆளை நகரச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, மட்டு மரியாதையோடு. "ஏனுங்க, அந்தக் கல்லு ஆடுது. இந்தப் பக்கமாக் கால வையுங்க." லோகுவின் குரல்தான். யாரைக் கூப்பிடுகிறான் என்று நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை.